வெள்ளக்கோடு

பொரளை, இரண்டாம் மாடி.
தொண்ணூற்றாறு குழிகளுள்ள தட்டு.
குழிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு துளி.
முதலில் நீலம்.
அமிலம் விட்டதும் மஞ்சள்.
மஞ்சள் கடுத்தால் பிறபொருளெதிரி கூட.
ஏழெழுத்து; ஓஎல் சோதினைக்குப் பாடமாக்கினேன்.
அதற்கு ஒரு நிறம் இருக்குமென்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு நாற்பத்தொன்றாம் குழி.
அளவு தாண்டிவிட்டது, ஐதாக்கு என்றது இயந்திரம்.
ஐதாக்கினேன்.
திரும்பவும் தாண்டியது.
பேரேட்டைப் புரட்டினேன்:
பேலியகொடை மீன்சந்தை, பெட்டி தூக்குபவர், ஐம்பத்திரண்டு.
அங்கொடையில் பதினேழாம் நாள் எடுத்த இரத்தம்.
பதினெட்டாம் நாளுக்குக் குழாய் இல்லை.

எமல்டா வந்திருந்தாள், முகத்துவாரத்திலிருந்து,
தன் அறிக்கையை வாங்க.
அவளுக்கு இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு,
ஒரு பக்கற் இஞ்சித் தேத்தண்ணி, அவ்வளவுதான்.
குழியில் மஞ்சள் இருந்ததென்று சொல்ல
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

"அவருக்கு எவ்வளவு?"
சொல்லக்கூடாது. சொன்னேன்.
"என்னிலும் கூடவா?"
"எழுபது மடங்கு."
"பிறகேன் மிஸ்?"

பிந்தி வந்திருக்கலாம்.
வைரஸ் கனநாள் உள்ளே இருந்ததால்
உடம்பும் கனநாள் கத்தியிருக்கலாம்.
கத்தினதே கெடுத்திருக்கவும் கூடும்.
கட்டுரைகள் இரண்டு பக்கமும் கதைக்கின்றன.
இதில் எதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கவுண்டர் கண்ணாடியில் விரலால்
அவளே ஒரு கோடு இழுத்தாள், நெஞ்சளவில்.
"எங்கட சுவரில வெள்ளம் நிண்ட அடையாளம்
இன்னும் இருக்கு.
பக்கத்து வீட்டில முழங்காலுக்குத்தான்."
கொஞ்சம் நிறுத்தி,
"அதிலயிருந்து எவ்வளவு தண்ணி வந்ததெண்டு தெரியும்.
சுவரைப் பற்றி ஒண்டும் தெரியாது, என்ன?"

கையெழுத்து வைத்தாள்.
கடுதாசியை நாலாக மடித்தாள்.
படியில் கால் வைத்தவள் திரும்பி,
யாரிடமோ விலை கேட்பதுபோல,
"முதல்ல இருமினது நான்தான் மிஸ்" என்றாள்.

தட்டைக் கழுவக்கூடாது, எரிக்கவேண்டும்; சிவப்புப் பையில் போட்டேன்.
மூலையில், தொண்ணூற்றாறில், என் துளி.
நிறமே இல்லை.
போன மாதம் மூன்று நாள் தலையிடி.
பனடோல் போட்டுக்கொண்டு
நூற்றி ஐம்பத்து நாலில் வெள்ளவத்தைக்குப் போய்வந்தேன்,
காலையும் மாலையும்,
பக்கத்து இருக்கையில் யார் யாரெல்லாம் இருந்தார்களென்று
பார்க்காமல்.