உள்மடிப்பு

சேரிங்கிராஸில் மாடியேறி, மூச்சு வாங்கி
சாய்நாற்காலியில் படுத்தேன்.
கீழ்த்தாடையில் பல் என்று எதுவும் இல்லை எனக்கு.
ஆறு வருஷமாய் ஒரு செட்டு
வாய்க்குள் வாடகைக்கு இருக்கிறது.
பேசினால் எழுந்து நிற்கும்,
வர்க்கியைக் கடித்தால் வெளிநடப்பு செய்யும்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"
காந்தல் முக்கோணத்தில் தையல்கடை என்றேன்.
டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.
மாதிரித் தாடைகளை மேசைமேல் பரப்பினாள்.
"அப்ப எனக்கு வேலை சுலபம்."

எலும்பில் இரண்டு திருகு, மேலே இரண்டு குமிழ்.
செட்டின் அடியில் அதற்கேற்ற குழி.
அழுத்தினாள்: டிச்.
டிச் பட்டனா என்றேன். டிச் பட்டனேதான் என்றாள்.
இரவில் கழற்றிக் கழுவலாம்.
உள்ளிருக்கும் நைலான் வளையம்தான் தேயும்,
வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்,
எலாஸ்டிக் மாதிரி.

அடுத்தது நாலு திருகு, நாலையும் கோக்கும் ஒரு கம்பி.
இடுப்புப்பட்டிபோல இறுகப் பிடிக்கும், அசையாது.
ஆனால் கம்பிக்கடியில் பருக்கை ஒளியும்,
குட்டித் தூரிகையால் இடுக்கெல்லாம் குடைய வேண்டும்.

மூன்றாவதைக் காட்டும்போது
அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. விலை அப்படி.
திருகோடு திருகாய் முடுக்கிவிடுவது.
நானே நினைத்தாலும் கழற்ற முடியாது,
அவளிடம்தான் வர வேண்டும்.
"சொந்தப் பல் மாதிரியே இருக்கும்."

பெனிட்டா ஓசூரிலிருந்து போனில் சொல்லிவிட்டாள்:
மூணாவதே போடும்மா, பணம் நான் பாத்துக்கறேன்.
எனக்கும் மூன்றாவதில்தான் ஆசை.
ஏன் என்று அவளிடம் சொல்ல முடியாது.

ஆறு வருஷமாய் விளக்கணைத்த பிறகுதான் கழற்றுகிறேன்.
ஜெயசீலனின் குறட்டைக்குக் காத்திருந்து
கட்டிலுக்கடியில் டம்ளரைத் தடவி,
விடியுமுன் எழுந்து மாட்டுகிறேன்.
ஜனவரியில், புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும் காந்தலில்,
அந்த டம்ளரில் விரல் விட்டிருக்கிறீர்களா?
பனிக்கட்டி ஒன்றை வாய்க்குள் பொருத்திக்கொண்டு
காபி வேணுமா என்று அவரைக் கேட்பேன்.
இன்று காலையும் கேட்டேன்.

"ஈறு இன்னும் சுருங்குமா?"
"சுருங்கும். எலும்பும் மெல்ல மெல்லக் கரையும்.
திருகு நிக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்."
"அப்ப செட்டை எடுத்து அளவு சரிபண்ண முடியுமா?"
"முதல் வகைன்னா சுலபம்."

அங்கேதான் கை முந்திக்கொண்டது.
வளரும் பிள்ளையின் சீருடையில்
இரண்டு விரல் துணியை உள்ளே மடித்துவிடாமல்
ஒருநாளும் நான் தையல் ஓட்டியதில்லை.
பிரிக்க வழியில்லாத தையல்
போட்டவளுக்கு அழகு, தைத்தவளுக்குப் பயம்.
மாதிரித் தாடையை வாங்கித்
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
நல்ல பட்டன் ஒரே முறைதான் பேசும்.
டிச்.

இது, என்றேன்.

சர்க்கரை அளவு பார்க்க வேண்டும்,
திருகு எலும்போடு சேர மூன்று மாதம்.
"அதுக்கப்புறமும் நூலைக் கடிக்கக் கூடாது" என்றாள்.
நூலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இரவு விளக்கை அணைக்கவில்லை.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கழற்றினேன்.
முகத்தின் கீழ்ப்பாதி உள்ளே மடிந்துபோயிருக்கும், தெரியும்.
ஜெயசீலன் செட்டைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.
"காலைல ஜில்லுனு இருக்குமே,
வெந்நீர் ஊத்தட்டுமா?"

வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும் என்று சொல்ல வந்தேன்.
சொல் குழைந்து வேறென்னவோ ஆனது.
என்ன, என்ன என்று இரண்டு தடவை கேட்டவர்
மூன்றாம் தடவை
சிரிப்பை அடக்க முடியாமல்
போர்வைக்குள் போய்விட்டார்.