பூஜ்யம் இருக்கிற முனை

சர்வேயருக்கு நாடா பிடிக்கிற வேலை எனக்கு.
பூஜ்யம் இருக்கிற முனை என்னுடையது.
எண் இருக்கிற முனையில் ராஜரெத்தினம் சார் நிற்பார்,
சொல்லுவார், அவரே எழுதுவார்.

அனந்தனாற்றுக் கால்வாயின் கிழக்குக் கரையில்
பதினேழு கூடாரம்.
நீலத் தார்ப்பாய் எட்டு, மஞ்சள் ஐந்து,
மிச்சம் தேர்தல் பேனர்,
கும்பிட்ட கைகளை மழைக்குக் காட்டியபடி.

நோட்டீஸில் பெயர் எழுதியதும் நான்தான்.
"திரு. கலெக்டர், த/பெ. சிலோன்,
கால்வாய் புறம்போக்கு, நாகர்கோவில்."
விளையாடுதியாடே என்றார் தாசில்தார்.
இல்லை சார், ரேஷன் கார்டிலும் அப்படித்தான்.
கலெக்டரைக் கலெக்டரே காலி செய்யச் சொன்னது
ஆபீசில் ஒரு வாரச் சிரிப்பு.
நானும் சிரித்தேன்.

ரெண்டு மழை பெய்கிற மாவட்டம் இது.
சாரலுக்கும் துலாமழைக்கும் நடுவே
காய்ந்த புதன்கிழமை ஒன்றைத் தேடிப்பிடித்தோம்.
சேற்றில் ஜேசிபி இறங்காது.

இருட்டோடு கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள்
அன்றைக்கு ஏறவில்லை.
பாசிமாலை நீட்டும் கை ஒன்றுகூட இல்லாமல்
அங்கே சூரியன் உதித்திருக்கும்.

கூச்சல் வரும் என்று பத்துப் போலீஸ்.
கூச்சல் வரவில்லை.
பம்பாய் என்கிற பெண் மட்டும் வந்து சொன்னாள்:
"சாமி மூட்டை உள்ள இருக்கு.
குளிக்காம தொடக்கூடாது. அவரு குளிக்கணும்."

உத்தரவில் இதற்கு இடமில்லை.
ஆனால் தாசில்தார் ஞாயிறுதோறும்
நாகருக்குப் பால் விடுகிறவர்.
சீக்கிரம் என்றார்.

எந்தத் தண்ணீரை அவன் கெடுக்கிறான் என்று
கோப்பில் மூன்று பக்கம் இருக்கிறதோ
அந்தத் தண்ணீரில் மூன்று தரம் முங்கினான் கலெக்டர்.
ஷிபு எஞ்சினை அணைத்தான்,
களியக்காவிளைப் பையன், மணிக்கணக்கு வாடகை.
அப்போதுதான் தவளைச் சத்தம் கேட்டது.

ஈரம் சொட்ட மூட்டையைத் தலையில் வைத்து வந்தான்.
குறுக்கே என் நாடா, இடுப்பு உயரத்தில்.
மூட்டையோடு குனியக்கூடாதாம்.
அசையாதே, ரீடிங் போகும் என்றார் சார்.
நான் என் முனையை விட்டுவிட்டேன்.
செத்த பாம்பாய்ப் புல்லில் விழுந்ததை
பம்பாய் காலால் ஒதுக்கினாள்.
அவன் போனான்.
மறுபடி அளந்தோம். நான் செய்தது அவ்வளவுதான்.

மேற்குக் கரையில், அதே சர்வே எண்ணில்,
உட்பிரிவு மட்டும் வேறாக,
மாடி வைத்த வீடு ஒன்று நிற்கிறது.
என் மாமனாருடையது. தொண்ணூற்றாறில் பட்டா வந்தது.
எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை.
கல்யாணப் பந்தலில் என்னை அவர்
"மாப்பிள்ளை ரெவின்யூ" என்றுதான் காட்டினார்,
பெயர் சொல்லவில்லை.

மாற்றிடம் ஆரல்வாய்மொழியில்.
காற்றாலைகளுக்குக் கீழே, ஆளுக்கு ஒன்றரை சென்ட்.
கடலுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும்.
தலைக்கு மேலே கரண்ட் உண்டாகிறது,
கம்பி வேறு பக்கமாகப் போகிறது.
ஆனி பிறந்தால் கணவாய்க் காற்றில்
தார்ப்பாய் என்ன, ஆடே நிற்காது.

கல் நட்ட அன்றைக்கு ஆள் குறைவு.
எண் இருக்கிற முனையைக் கலெக்டரிடமே கொடுத்தார் சார்.
பத்து மீட்டருக்கு நடுவே
நாடா காற்றில் வயிறு தள்ளியது.
வளைந்த நாடா கூடக் காட்டும்;
காகிதத்தில் பத்து இருக்கும், மண் குறையும்.
எனக்குத் தெரியும். சாருக்கும் தெரியும்.
"இறுக்கிப் பிடிங்க" என்றான் அவன்.
அவனுக்கும் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இழுத்தேன். காற்று என்னைவிட நன்றாக இழுத்தது.
சார் எழுதினார்: பத்து, சரி.

ஜீப்பில் போய் அவர் கண்ணாடி ஏற்றிக்கொண்டதும்
கலெக்டர் கல்லைப் பிடுங்கி
நாலு விரல் தள்ளி ஊன்றினான்,
என்னைப் பார்த்தான்.

இன்னும் ரெண்டு விரல், என்றேன்.