நூறாம் இலக்க பஸ்ஸில் கந்தகம்

இன்றும் என் பக்கத்து ஆசனம் காலி.
பம்பலப்பிட்டியில் ஏறியவர்
மூக்கைச் சுளித்து
முன்சீட்டு யன்னலைத் திறந்தார்.
கூழ்முட்டையல்ல ஐயா,
மெர்கப்டோஎத்தனோல்.
கையுறைக்குள்ளும் புகும்;
சந்தன சோப்புக்கும் மசியாது.

பதினொரு அமினோ அமிலம்,
நடுவில் ஒரேயொரு சிஸ்டீன்.
மூன்று வாரமாகக் கோத்தது.
நேற்றுக் கரண்ட் போன இருட்டில்
மூடி இறுகாத குப்பிக்குள் காற்று நுழைந்திருக்கிறது.
காலையில் பார்த்தால் இரட்டைத் திணிவு,
இரண்டு ஐதரசன் குறைய.
கந்தகமும் கந்தகமும்
யாரையும் கேட்காமல்
கைகோத்துவிட்டன.

"பிரிச்சு விடலாம், பயப்படாதே" என்றாள் சங்கமித்திரை.
பிரித்தேன்.
பிரித்த சூட்டோடு
அயடோஅசற்றமைட் விட வேண்டும்.
அரை மணித்தியாலம், வெளிச்சம் படாமல்.
அதன்பிறகு எந்தக் காற்று வந்தென்ன?
ஒவ்வொன்றும் ஐம்பத்தேழு கூடி,
தனியாக,
ஒழுங்காக,
கட்டுரைக்கு உகந்ததாக இருக்கும்.

குப்பிகளை வெள்ளித்தாளில் சுற்றினேன்.
ஒன்றில் மட்டும் எதுவும் விடவில்லை.
மூடியும் போடவில்லை.
கொப்பியில் அதற்கு இலக்கமில்லை.
சங்கமித்திரை கேட்டால்
மறந்துபோனேன் என்பேன்.

வெள்ளவத்தை.
இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன்:
யன்னல் திறந்தவர் என் ஆசனத்தில்,
மூக்கைப் பொத்தியபடி,
கடல் பக்கம் அதுதானே.