மஞ்சள் வட்டத்துக்குள் ஐந்து

முதுநகர் இரும்புக்கடையில்
வெட்டுக்கு நிற்கிறது
வெள்ளைக்காரன் பட்டாளத்து லாரி.
உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
மீன்வண்டி நீலம், அதற்கடியில் பச்சை,
அதற்கும் அடியில்
மஞ்சள் வட்டத்துக்குள் ஐந்து.

'ஐந்தாவது ரெஜிமெண்ட்' என்றான்
கேஸ்கட்டர் பிடித்த தைரியநாதன்.
'ஏலத்தில் ஐந்நூறு' என்றார்
ஜக்கரியா மரைக்காயர்.
சக்கரத்துக்கு மேல் டி.பி. 35:
டயருக்குக் காற்றளவு.
லாரிக்கு எழுத்து எழுதுகிறவன்,
அதுவரை எனக்குத் தெரியும்.

ராத்திரி கெடிலம் தாண்டுகையில்
சைக்கிள் வெளிச்சத்தில்
போன மழைக்கு நான் எழுதிய பலகை:
'பாலம் பழுது. கனரக வண்டிகள் செல்லக் கூடாது.'

அட.
பாலத்திடம் சொல்ல வேண்டிய எடை.
நான் இவ்வளவுதான்,
தாங்குவாயா?

காலையில் ஓடினேன்.
ஐந்து இருந்த தகடு
தராசில் கிடந்தது.
மூன்றரைக் கிலோ.