பென்சில் பக்கம்

பதினேழு வருஷம் ஓரின் ப்ரூயெட்டுக்குக் கணக்கு எழுதினேன்.
ஒரு கோடரி, ஒரு கோவேறு கழுதை,
விரலிரண்டு குறைந்த இடக்கை,
இதுதான் என் முதல் என்பார்.
மிச்சத்தை விஸ்கான்சின் பைன்கள் போட்டன.

பனி உருகும் மாதம் ஆறே தெரியாது,
கரைக்குக் கரை மரம்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
சுத்தியலால் அறைந்த கோழிக்கால் முத்திரை.
நெரிசலை உடைக்க இறங்கி
மேலே வராதவர்கள் உண்டு:
ஐவர் ஸ்டென்ஸ்ருட், ஆன்ஸெல்ம் கோத்தியே,
பெயரைச் சொல்லியிராத ஃபின்லாந்துப் பையன்.
பொழுது சாய்வதற்குள் ஆலையிலிருந்து
முடிச்சில்லாத பலகை எட்டு போகும்.
"கணக்கில் ஏற்றாதே" என்பார், என் முகம் பாராமல்.
கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஏற்றினேன்.
பழக்கதோஷம்.

அப்புறம் நூலகம்.
டிப்தீரியா வந்த குளிருக்குப் பிறகு ஆஸ்பத்திரி,
பன்னிரண்டு கட்டில், சிகாகோ டாக்டர் ஒருவர்.
திறப்பு விழாவில் பேசச் சொன்னார்கள்.
தொப்பியைச் சுழற்றியபடி நின்று
"கூரை ஒழுகாது" என்றார்,
உட்கார்ந்துவிட்டார்.

இப்போது சிலை வைக்கிறார்கள்.
கமிட்டிக்காரி திருமதி வென்ட்வொர்த்
தர்மங்களின் பட்டியல் கேட்கிறாள்.
ஜன்னலுக்கு வெளியே
நாற்பது மைலுக்கு அடிக்கட்டைகள்.
எழுதிக் கொடுத்தேன்:
நூலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட மணி.

பென்சில் பக்கத்தில் நாற்பத்தொரு பேர்,
முந்நூற்று இருபத்தெட்டுப் பலகை.
தர்மத்தில் சேர்ப்பதா, கடனில் சேர்ப்பதா,
எனக்கு விளங்கவில்லை.
பேரேட்டை மூடிவிட்டேன்.

அவருக்கும் எட்டுதான் போயிற்று.
அதில் மூன்றில் முடிச்சு.
நல்ல மரம் தீர்ந்திருந்தது.