சிவப்பு அம்பு

அனுப்பர்பாளையம் தாண்டி, மூன்றாம் மாடி.
டியூப்லைட்டுக்கு அடியில் நின்றபடி
பதினாறு வருசம் பனியன் பார்த்திருக்கிறேன்.
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல்,
கழுத்துப் பட்டியில் கால் இஞ்ச் கோணல்.
கண்டதும் ஒட்டுவேன் சிவப்பு அம்பு.
அம்பு ஓட்டையைக் காட்டும்.
ஒருநாளும் அதைத் தைத்ததில்லை.

தெரியாதவளா நான்?
என் விசயம் என்று வரும்போது மட்டும்
தெரியாமல்தான் இருந்தது.

வீட்டில் நீல அட்டை நோட்டு ஒன்று.
சம்பளத்தில் பத்தில் ஒன்று, தேதியோடு.
வெள்ளிதோறும் உபவாசம், டீகூடக் கிடையாது.
பொய் சொன்ன நாளுக்கு ஒரு மைப்புள்ளி.
லாட்டுக்கு இத்தனை பழுது போகட்டும் என்று
பையர் விட்டுக்கொடுப்பதுபோல்
கடவுளும் கொடுப்பார் என்று கணக்கு.
மாதக் கடைசியில் பத்துக்குள் வந்தால்
நானே எனக்கு பாஸ் போட்டுக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி ஷிப்ட்.
மழை. கரண்ட் போவதும் வருவதுமாய்.
கண் சொருகிய நேரத்தில்
நாற்பது பீஸ் பார்க்காமலே கை தாண்டிப் போனது.
தோள் பிரிந்து திரும்பி வந்தது லாட்.
"தையல் கோளாறுங்க.
நான் அம்பு ஒட்டித்தான் அனுப்புனேன்" என்றேன்.
ஏழாம் டேபிள் செங்கோடனுக்கு
இரண்டாயிரத்து நானூறு பிடித்தார்கள்.
அவன் ஒருதரம் என்னைப் பார்த்தான்.
பிறகு மெசினுக்குக் குனிந்துகொண்டான்.

அதன்பிறகு புதனிலும் உபவாசம்.
பத்தில் ஒன்று பத்தில் இரண்டானது.
முட்டி தேய ஜெபம்.
நொய்யலைப் பார்த்திருப்பீர்கள்.
துணி வெளுக்க வெளுக்க
ஆறு கறுத்தது.
நானும் அப்படித்தான் வெளுத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை
சம்பளக் கவரோடு டீக்கடை முன்னால் நின்றேன்.
"ஏனுங்க்கா, டீ சாப்புடறீங்களா?"
எல்லாவற்றையும் கொட்டினேன்.
அவன் கிளாஸை ஊதிக்கொண்டே சொன்னான்,
"அன்னைக்கே தெரியுமுங்க.
லாட்டுல ஒரு அம்புகூட இல்லீங்களே."
"பின்னே ஏன் சொல்லலை?"
"உட்டுட்டனுங்க."
"இந்தக் காசையாவது..."
"வாங்கிக்கிட்டா அப்பறம் உட்டதா ஆகுமுங்களா?"
வருக்கியை இரண்டாக உடைத்து
பாதியை நீட்டினான்.

ஒரு கையில் டீ, ஒரு கையில் கவர்.
கவரைக் கீழே வைத்தால்தான்
வருக்கியை வாங்க முடியும்.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.
டீயில் ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் ஆராதனையில்
ஆயர் அப்பத்தோடு வரிசையில் வந்தார்.
இத்தனை வருசம் இதே இடத்தில்
நோட்டை இடுக்கிக்கொண்டே கை நீட்டியிருக்கிறேன்.
அன்றைக்குத்தான் கை வெறும் கையாக இருந்தது.

அவருடைய அங்கியில் தையலே இல்லையாம்.
கிழிக்க மனமில்லாமல் சீட்டுப் போட்டு எடுத்தார்களாம்.
சிறுவயதிலிருந்து கேட்டதுதான்.
செக்கிங்காரிக்கு அது புரிய இவ்வளவு நாள்.
தையல் இல்லையென்றால் பிரிய இடமில்லை.
அதைத்தான் என்மேல் போட்டிருக்கிறார்.
அளவு எடுக்கவில்லை, விலைச் சீட்டும் இல்லை.
உள்ளே தோள் பிரிந்த என் பனியன்
இன்னும் அப்படியேதான் இருக்கிறது.
எனக்கு ஒட்ட வேண்டிய அம்புகளெல்லாம்
அவர் உடம்பில்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.
புள்ளியைக் குறைக்க அல்ல.
பயம் போயிருந்தது, அவ்வளவுதான்.
செங்கோடனுக்குப் பணம் திரும்பியது,
எனக்குப் பிடித்தார்கள். சரிதானே.
இன்றைக்கும் அம்பு ஒட்டுகிறேன்.
ஓட்டை ஓட்டைதான்.

நீல நோட்டில் இப்போது பால் கணக்கு.
போன வெள்ளிக்கிழமை
பசித்தது.
சாப்பிட்டேன்.