நாற்பத்தெட்டில் மீதி

கல்யாணம் நின்றுபோனதும்
மோதிரத்தைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார்.
விருந்துக்காரர் முன்பணத்தில் பாதியைத் தந்தார்.
மலைச்சரிவிலிருந்து வண்டியேறி வந்த
நாற்பத்தெட்டு ப்ரொசெக்கோ புட்டிகளைத்தான்
வாங்குவார் இல்லை.
“மாப்பிள்ளை பெண் பேரெல்லாம் லேபிலில் அச்சடித்தாயிற்று,
இனி யார் தலையில் கட்டுவேன்?”
என்றார் வியாபாரி.
அப்படித்தான் என் கட்டிலுக்கடியில் வந்து படுத்தன,
பதோவாவில், மூன்றாம் மாடியில்,
டிராம் ஓட்டுகிறவளின் ஒற்றை அறையில்.

வியாழக்கிழமைதோறும்
காலை ஷிப்ட் முடித்துவந்து
ஒன்றைக் குளிர்பெட்டிக்கு மாற்றுவேன்.
ஆறு மணிக்கு லோரிஸ் வருவான், என் தம்பி,
கையில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு.
வேறெதுவும் கொண்டுவந்ததில்லை,
பேச்சு உட்பட.

முதலில் பனிக்கட்டி, கழுத்துவரை.
கஞ்சத்தனமாய்ப் போட்டால்
சட்டென்று உருகிக் குழாய்த் தண்ணீராகிவிடும்.
பிறகு வைன், மூன்று பங்கு,
கோப்பையைச் சாய்த்து, சுவரோடு,
தூங்குகிறவனைத் தாண்டி நடப்பதுபோல.
இரண்டு பங்கு கசப்பு மது.
சிக்னல் விளக்கின் சிவப்பு அது;
ஊற்றும்போதெல்லாம் என் கால் பிரேக்கைத் தேடும்.
சோடா ஒரு சிணுங்கல்.
அடியிலிருந்து ஒரே ஒரு முறை கரண்டி.
அதற்குமேல் கலக்கினால் நுரை செத்துப்போகும்.

கசப்புதான் முதலில் என்பான் லோரிஸ்.
வைன்தான் என்பேன் நான்.
இதற்கு மட்டும் சண்டை போடுவோம்.
புட்டியின் லேபில் எப்போதும்
சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

இன்று நாற்பத்தேழாவது.
ஆகஸ்ட் வெயில். மதியமே மின்சாரம் போய்
பனிக்கட்டித் தட்டில் குளம்.
ஈரத்துண்டு சுற்றி வைத்தும்
புட்டிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.
கம்பியை நான் முழுதாய் முறுக்கவுமில்லை,
தக்கை பறந்தது
ஜன்னல் தாண்டி, முற்றம் தாண்டி,
எதிர்வீட்டு பால்கனியில் பூவாளிமேல்
டங்.
பாதி மது தரைக்குப் போனது.

சைக்கிள் செயினும் கையுமாய்
பனியனோடு நிமிர்ந்தார் எர்மெஸ்.
ஐந்து வருடத்தில் அவரிடம் நான் பேசியது
குப்பைத் தொட்டியைப் பற்றி மட்டும்.
திட்டப்போகிறார் என்றிருந்தேன்.
மூன்று மாடி ஏறி வந்தார்:
ஒரு கையில் தக்கை,
மறு கையில் பை நிறையப் பனிக்கட்டி.
“மீன் வாங்கும்போது கொடுத்தது. கழுவிவிட்டேன்.”

புட்டியை எடுத்தார், திருப்பினார், உரக்கப் படித்தார்:
“லோரிஸ், ஜுதித்தா, செப்டம்பர் பதினான்கு...
அட, அடுத்த மாதமா! யார் மாப்பிள்ளை?”

ஆரஞ்சின் மேல் கத்தி நின்றது.
ஒலிவக்காயைக் குச்சியில் குத்துகிற பாவனையில்
நான் என் விரலைக் குத்திக்கொண்டேன்.

“நான்தான்” என்றான் தம்பி.
“போன செப்டம்பர். நிறுத்தியதும் நான்தான்.
கடைசி வாரம். பயம்.
பழியை அவள் ஏற்றுக்கொண்டாள்,
அக்கா என்னை அடித்துவிடுவாள் என்று.”

நாற்பத்தாறு வியாழன்
ஜுதித்தாவைத் திட்டித் திட்டித்தான்
கசப்பை ஊற்றியிருக்கிறேன்.
அது மட்டுமா.
சாந்தோ நிறுத்தத்தில் அவள் ஓடிவருவதைக்
கண்ணாடியில் பார்த்தும்
கதவை மூடியிருக்கிறேன்,
இரண்டு தடவை,
ஒரு தடவை மழையில்.

எர்மெஸ் பனிக்கட்டியை மூன்று கோப்பையிலும் நிரப்பினார்.
வேறென்ன செய்வார் பாவம்.
லேசாய் மீன் வாடை இருந்தது.
மிஞ்சிய வைன் ஆளுக்கு ஒரு பங்குகூட வராது.
கை தவறி, கசப்பை முதலில் ஊற்றிவிட்டேன்.
ருசியில் வித்தியாசம் ஒன்றுமில்லை;
லோரிஸிடம் அதைச் சொல்லப்போவதுமில்லை.

நாளைக்கும் காலை ஷிப்ட்தான்.
சாந்தோவில் இருபது விநாடி நிற்க அனுமதி.
நாற்பது நிற்பேன்.
பின்னால் மணியடிக்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.